நிலத்துக்கு மேல் நிற்கும் நீச்சல் தடாகமும் சுற்றியுள்ள தரையும்: வன்னி வளவுகளுக்கான கேள்வி பதில்

வன்னியில் ஒரே வளவுக்கு இரண்டு தரை உண்டு. ஆவணியில் அலவாங்கு போட்டாலும் தெறிக்கிற தரை, மார்கழியில் கணுக்கால் புதையுமளவுக்கு இளகிவிடும். குழி வெட்டாமல் இரும்புச் சட்டத்தில் நிறுத்தும் தடாகத்துடன் வரும் கையேடு இந்த இரண்டாவது தரையைப் பற்றி எதுவும் சொல்லாது. தடாகத்தைச் சுற்றிச் செய்யும் எந்த வேலையையும் கோடையில் செய்தாலும் மாரியை நினைத்தே செய்ய வேண்டும். கீழுள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கணக்கில் சொல்லப்பட்டவை.

அளவுகள் 15 அடி விட்டமும் 4 அடி உயரமும் கொண்ட வட்டத் தடாகத்துக்கானவை. ஒரு கியூப் என்பது 100 கன அடி.

எவ்வளவு அகலத்துக்குத் தரையைத் தயார் செய்ய வேண்டும்?

தடாகத்தின் விளிம்பிலிருந்து சுற்றிவர 3 அடி. அதாவது 21 அடி விட்டமுள்ள வட்டம். இடம் போதாதென்று 1 அடியோடு நிறுத்துகிறவர்கள் உண்டு. அப்போது சட்டத்தின் கால்கள் வெட்டிய தரையின் ஓரத்திலேயே நிற்கும். முதல் பெருமழையில் அந்த ஓரம் கரைந்தால் காலும் இறங்கும். சுற்றிவர நடந்து சுவரையும் குழாய்களையும் பார்க்கவும் 3 அடி வேண்டும். ஏணி நிற்கும் பக்கத்தில் 5 அடி விடுங்கள்.

எந்த மாதத்தில் தொடங்குவது நல்லது?

தைப்பொங்கல் கழிந்து மழை ஓய்ந்த பிறகு, மாசி பங்குனியில். அப்போது மண்ணில் ஈரம் இருக்கும், ஆனால் தண்ணீர் நிற்காது. மண்வெட்டி இறங்கும், இடித்தால் மண்ணும் இறுகும். ஆடி ஆவணியில் வெட்டினால் மண் கட்டி கட்டியாகப் பெயரும். காய்ந்த கட்டிகள் என்ன இடித்தாலும் ஒன்றோடொன்று சேராது. இடையில் காற்று நிற்கும். மழை வந்ததும் அந்த இடைவெளிகள் அமர்ந்து தரை பள்ளம் பள்ளமாகும்.

செடி நடும் வேலையை மட்டும் ஐப்பசிக்கு ஒதுக்குங்கள். அப்போது நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலையை மழை பார்த்துக்கொள்ளும். அடுத்த கோடைக்குள் வேரும் பிடித்துவிடும்.

வளவில் எந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும்?

முதலாவது, மலசலகூடக் குழி. தடாகத்தில் மூன்றரை அடி தண்ணீர் நின்றால் ஒவ்வொரு சதுர மீற்றர் தரையிலும் ஒரு தொன்னுக்குச் சற்று மேலான பாரம் ஏறும். மொத்தம் ஏறத்தாழ 17,500 லீற்றர், அதாவது பதினேழரை தொன். குழியின் மூடி அதற்காகப் போடப்பட்டதல்ல.

இரண்டாவது, மூடிய பதுங்கு குழியும் தூர்ந்த கிணறும். 2009க்குப் பிறகு மீள்குடியேறிய வளவுகள் பலவற்றில் பங்கர்களைக் கையில் கிடைத்த மண்ணாலும் குப்பையாலும் மூடினார்கள். மேலே புல் முளைத்திருக்கும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே பனங்குற்றியோ மண் மூட்டையோ உக்கிக்கொண்டிருக்கும். அந்த இடம் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அமரும். வளவில் முன்பு இருந்தவர்களிடம் கேளுங்கள். மாரி முடிந்தவுடன் வளவைச் சுற்றிப் பாருங்கள்: தண்ணீர் வட்டமாகவோ நீள்சதுரமாகவோ தேங்கி நிற்கும் பள்ளம் சந்தேகத்துக்குரியது.

இதோடு சேர்த்து ஒன்று. இதுவரை யாரும் கிண்டாத காணியென்றால், கண்ணிவெடி அகற்றப்பட்ட பகுதிதானா என்பதைக் கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டு உறுதிப்படுத்தாமல் அலவாங்கு போடாதீர்கள். வெட்டும்போது இனம்தெரியாத இரும்போ பிளாஸ்ரிக் பொருளோ தென்பட்டால் தொடாமல், நகர்த்தாமல், வந்த வழியே திரும்பி வந்து பொலிஸுக்கு அறிவியுங்கள். இலக்கம் 119.

வீட்டுக்கு வரும் மின்கம்பிக்குக் கீழும், கூரைத் தண்ணீர் விழும் பக்கத்திலும் வைக்கக் கூடாது. கிணற்றுக்கு அருகே வைப்பதையும் தவிருங்கள். தண்ணீர் பவுசர் வந்து நிற்கும் வழியையும் இப்போதே யோசியுங்கள். முடித்த தரைமேல் பவுசர் ஏறினால் செய்த வேலை பாழ்.

தரை எவ்வளவு மட்டமாக இருக்க வேண்டும்? எப்படிப் பார்ப்பது?

விளிம்புக்கு விளிம்பு அரை அங்குலத்துக்குள் இருந்தால் நல்லது. ஒரு அங்குலம்தான் கடைசி எல்லை. அதற்கு மேல் சரிந்தால் தண்ணீர் பள்ளப் பக்கத்தில் உயர்ந்து நின்று அந்தப் பக்கச் சுவரைத் தள்ளும். கால்கள் வெளியே வளையத் தொடங்கும். 3 அங்குலம் சரிந்த தடாகத்தைத் தண்ணீரோடு நிமிர்த்த வழியில்லை, இறைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இரண்டடி ரசமட்டத்தை நம்ப வேண்டாம். மேசன்மார் பாவிக்கும் தண்ணீர்மட்டக் குழாய் போதும்: 30 அடி நீளமான தெளிந்த பிளாஸ்ரிக் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். நடுவில் ஒரு கட்டை அடித்து, சுற்றிவர எட்டுக் கட்டைகள் அடியுங்கள். நடுக்கட்டையின் தலைமட்டத்தைக் குழாயால் ஒவ்வொரு கட்டைக்கும் கொண்டுபோய்க் கோடு கீறுங்கள். பிறகு ஒன்பதடி நீளமுள்ள நேரான சட்டம் ஒன்றின் ஒரு முனையை நடுக்கட்டையில் ஆணியால் பொருத்தி, மறுமுனையைக் கையில் பிடித்து வட்டமாக இழுத்தால் மேடு பள்ளம் அப்படியே தெரியும். மேட்டைச் சீவுவதும் அதே சட்டத்தால்தான்.

மேட்டை வெட்டுவதை விட்டு, பள்ளப் பக்கத்தில் மண் கொட்டி உயர்த்தினால் வேலை சுகமல்லவா?

வேலை சுகம்தான். ஆனால் அரைவாசி பழைய இறுகிய தரை, அரைவாசி புது மண் என்றாகிவிடும். மார்கழியில் புது மண் மட்டும் அமரும், தடாகம் அந்தப் பக்கம் சாயும். பாதித் தரையை உயர்த்துவதுதான் பிழை. முழுத் தரையையும் ஒரே கனத்தில் உயர்த்துவதில் பிழையில்லை. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் வளவுகளில், வயலோரக் காணிகளில், மேட்டை வெட்டி மட்டமாக்கிய பிறகு 21 அடி வட்டம் முழுவதுக்கும் 6 முதல் 9 அங்குலம்வரை கிரவல் போட்டு உயர்த்தியே ஆக வேண்டும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் எந்தக் கோடுவரை வந்தது என்பதை அயலில் கேட்டுப் பாருங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் இடத்துக்கு 9 அங்குலமும் போதாது. வேறு இடம் பாருங்கள்.

மண்ணுக்கு மண் வேலை மாறுமா?

நன்றாகவே மாறும். வன்னியின் பெரும்பகுதியிலுள்ள செங்கபில மண் இடித்தால் நன்கு இறுகும், இந்த வேலைக்கு நல்லது. பூநகரி, முழங்காவில் பக்கத்துச் செம்மணலிலும் முல்லைத்தீவுக் கரையோர மணலிலும் தண்ணீர் நிற்காது. அங்கே தரை உதிர்ந்து ஓடுவதுதான் தொல்லை. வட்டத்தின் வெளி ஓரத்தில் ஒரு வரி சீமெந்துக் கல் பதித்துக் கட்டிவிட்டால் மணல் இடம்பெயராது.

முருங்கனையும் கட்டுக்கரைக்குளத்தையும் சுற்றியுள்ள கறுப்புக் களிமண் வேறு வகை. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கே அங்கிருந்துதான் களி போனது. அந்த மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஆண்டுக்கொரு தடவை தரை ஏறி இறங்கும். அங்கே மேல் மண் ஒன்றரை அடியை வெட்டி அகற்றி, கிரவலை 4 அங்குல அடுக்குகளாக இட்டு நிரப்ப வேண்டும். செலவைப் பார்த்துப் பலர் பின்வாங்குவார்கள். அவர்கள் 30 அங்குல உயரமுள்ள சிறிய தடாகத்தோடு நின்று, மாரிக்கு முன் அதைக் கழற்றி வைப்பது புத்திசாலித்தனம்.

உங்கள் மண் எதுவென்று தெரியாவிட்டால் ஒரு அடி ஆழக் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வற்றியதும் மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். ஒரு மணித்தியாலத்தில் ஒரு அங்குலமும் இறங்காவிட்டால் அது களித்தரை. அங்கே தண்ணீரை மண்ணுக்குள் விடும் திட்டம் எதுவும் சரிவராது, வெளியே கொண்டுபோகத்தான் வேண்டும்.

தடாகத்துக்குக் கீழே என்னென்ன, எந்த வரிசையில், எவ்வளவு?

கீழிருந்து மேலாக:

1. மேல் மண், புல், வேர் எல்லாம் 3 முதல் 4 அங்குலம்வரை சீவி அகற்றப்பட்ட, இடித்த தரை.
2. வட்டம் முழுவதுக்கும் 4 அங்குலக் கிரவல். இடித்து முடிந்த கனம் இது. ஏறத்தாழ 1.15 கியூப், இடிக்கும்போது அமருமென்பதால் 1½ கியூப் இறக்குங்கள். இரண்டு அடுக்காக, ஒவ்வொன்றையும் நனைத்து இடிக்க வேண்டும். குதிக்காலால் ஓங்கி மிதித்தால் கால் அங்குலத்துக்கு மேல் பதியக் கூடாது.
3. கால்கள் நிற்கும் இடங்களில் 16 அங்குலச் சதுர, 2 அங்குலக் கனச் சீமெந்துப் பலகைகள். இவற்றின் மேற்பரப்பு கிரவல் மட்டத்துக்கு வர வேண்டும். எல்லாப் பலகைகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று மறுபடி குழாய் பிடித்துப் பாருங்கள்.
4. தடாகத்தின் அடி படும் வட்டத்துக்கு ஒன்றரை முதல் 2 அங்குலம் சலித்த கல்தூள் அல்லது மணல். 15 அடி வட்டத்துக்கு 0.22 முதல் 0.3 கியூப்வரை போகும்.
5. அதன்மேல் விரிப்பு.

மணலைவிடக் கல்தூள் நல்லது. நனைத்து இடித்தால் ஒன்றாக இறுகும், வழிந்தோடும் தண்ணீருக்கு இலகுவில் கரையாது. சலிக்காமல் போடாதீர்கள். பதினேழு தொன் தண்ணீருக்குக் கீழே ஒரு சிறு கூரான கல் போதும்.

கடல் மணல் சும்மா கிடைக்கிறதே, போடலாமா?

வேண்டாம். உப்பு சட்டத்தின் கால்களைத் தின்னும், சிப்பித் துண்டுகள் அடிவிரிப்பைக் குத்தும். ஆற்று மணல் வாங்கினால் அனுமதிப்பத்திரத்தோடு ஏற்றி வருகிறவரிடம் வாங்குங்கள். அனுமதியில்லாத மணலோடு வாகனம் பிடிபட்டால் உங்கள் வேலையும் நின்றுவிடும்.

புல்லைச் செதுக்கிவிட்டால் போதாதா? விரிப்பு மூடிவிடும்தானே?

அறுகும் கோரையும் இருக்கிற தரையில் போதாது. கோரையின் கிழங்கு மண்ணுக்குள் கிடந்து, ஊசி போன்ற முளையால் தடாகத்தின் பிளாஸ்ரிக் அடியைத் துளைத்து மேலே வரும். நம்பக் கடினமாக இருந்தாலும் இந்தத் தடாகங்கள் ஒழுகுவதற்கு இது அறியப்பட்ட காரணம். ஓட்டை நடு அடியில் விழும், வெளியிலிருந்து தெரியாது. தண்ணீர்மட்டம் இறங்குவதை வெயிலின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

வெட்டிய தரையை நனைத்து இரண்டு மூன்று வாரம் சும்மா விடுங்கள். மிஞ்சிய கிழங்குகள் முளைக்கும். அவற்றைக் கிழங்கோடு தோண்டி எடுத்து, இன்னொரு முறை நனைத்துப் பாருங்கள். களைநாசினி அடித்தால் கையேட்டில் சொன்ன இடைவெளி கழிந்த பின்பே விரிப்பு போட வேண்டும். மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் ஒயில் ஊற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. எண்ணெய் விரிப்பைக் கெடுக்கும், கிணற்றுக்கும் போகும்.

சுற்றிவர உள்ள 3 அடிக்கு என்ன போடுவது?

இந்த வளையம் ஏறத்தாழ 170 சதுர அடி. 3 அங்குலக் கனத்துக்குக் கல் போட்டால் 0.42 கியூப், அதாவது அரைக் கியூப் இறக்கினால் போதும். கீழே ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரியுங்கள். கிடைக்காவிட்டால் உரப்பைகளை வெட்டி ஒரு அடி மேல்படிய விரிக்கலாம். வெயில் படாமல் கல்லுக்குக் கீழே இருக்கும்வரை சில காலம் தாங்கும். கறுப்புப் பொலித்தீன் போடாதீர்கள். அதன்மேல் தண்ணீர் தேங்கி, சட்டத்தின் கால்களுக்குக் கீழேயே போகும்.

முக்கால் அங்குலக் கருங்கல் சல்லி மலிவு. ஆனால் வெறுங்காலுக்கு வேதனை; காற்றடைத்த வளையமுள்ள தடாகமென்றால் அதன் கூர்முனை ஆபத்தும்கூட. கீழே 2 அங்குலம் சல்லி, மேலே ஒரு அங்குலம் உருண்டைக் கூழாங்கல் என்று போடுவது நடுவழி. ஏணியிலிருந்து வீட்டு வாசல்வரை 18 அங்குலச் சதுரச் சீமெந்துப் பலகைகளை 2 அங்குல இடைவெளியில் பதியுங்கள். மினுக்கு ஓடு வேண்டாம், ஈரக்காலுக்கு வழுக்கும். கறுப்பு நிறக் கல்லும் வேண்டாம், சித்திரை வெயிலில் மதியம் அதில் கால் வைக்க முடியாது.

ஏணியடியில் ஒரு பைப்பும் இரண்டடிச் சதுரக் கழுவுமிடமும் வையுங்கள். தடாகத்துக்குள் போகும் அழுக்கில் பெரும்பங்கு காலில் ஒட்டிவரும் செம்மண். வடிகட்டிக்கு ஆயிரம் செலவழிப்பதைவிட இந்தக் கழுவுமிடம் அதிகம் உதவும்.

தண்ணீர் எப்படி வெளியேற வேண்டும்?

வளையத்தின் தரை தடாகத்திலிருந்து வெளிநோக்கி 50க்கு 1 சரிய வேண்டும்: 3 அடிக்கு முக்கால் அங்குலம். சரிவு கல்லில் அல்ல, கல்லுக்குக் கீழுள்ள கிரவலில் இருக்க வேண்டும். கல்லுக்கிடையே இறங்கும் தண்ணீர் அந்தத் தரையில்தான் ஓடும்.

வளையத்தின் வெளி ஓரத்தில் ஒரு வாய்க்கால்: 1 அடி அகலம், முக்கால் அடி முதல் 1 அடி ஆழம். மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் மழைவெள்ளத்தை இது தடுத்துத் திருப்ப வேண்டும். திறந்த வாய்க்கால் வேண்டாமென்றால் அதே குழியில் துணி விரித்து, 4 அங்குலத் துளையிட்ட பீ.வி.சி. குழாய் வைத்து, சல்லி நிரப்பி மூடலாம். குழாய்க்கு 100 அடிக்கு 1 அடி சரிவு கொடுங்கள். துளைகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

முடிவிடம்தான் முக்கியம். கல் நிரப்பிய ஊறு குழி ஒன்றில் விடலாமே என்று கேட்பார்கள். கோடையில் அது வேலை செய்யும். கார்த்திகை மார்கழியில் கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும் வளவில் ஊறு குழியும் நிரம்பித்தான் நிற்கும், தண்ணீர் போக இடமிராது. வளவின் தாழ்ந்த மூலைக்கோ தென்னை, வாழை நிற்கும் பாத்திக்கோ சரிவில் கொண்டுபோங்கள். அடுத்த வளவுக்குள்ளும் ஒழுங்கைக்குள்ளும் திருப்பாதீர்கள். குடிக்கிற கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி முடியட்டும்.

கூரைத் தண்ணீரைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். 100 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 10,000 லீற்றர். தாழ்வாரத்திலிருந்து தடாகத்தின் பக்கம் விழுந்தால் ஒரே இரவில் கல்தூளை அரித்துவிடும். பீலி போட்டு மறுபக்கம் திருப்புங்கள்.

சுற்றிவர ஒரேயடியாகக் கொங்கிரீட் போட்டால் என்ன?

தடாகம் நிலையாக அங்கேதான் இருக்குமென்றால் போடலாம். ஆனால் சரிவு பிழைத்தால் பிறகு திருத்த முடியாது, வெயிலில் கொதிக்கும், தடாகம் பழுதானால் வட்டமாக ஒரு மேடை மட்டும் மிஞ்சும். கறுப்பு மண்ணில் வெடிக்கவும் செய்யும்.

சுவரைச் சுற்றி மண் அணைத்து, நிலத்துக்குள் கட்டிய தடாகம் மாதிரிக் காட்டலாமா?

கூடாது. இந்தச் சுவர் உள்ளிருந்து வெளியே தள்ளும் தண்ணீருக்காகச் செய்யப்பட்டது. வெளியிலிருந்து உள்ளே தள்ளும் ஈர மண்ணுக்கு அது நிற்காது. தண்ணீரை இறைத்த அன்றே சுவர் மடியும். மண் தொட்ட இடத்தில் சட்டம் துருப்பிடிக்கும், கறையானுக்கும் அது வசதி. மறைக்க வேண்டுமென்றால் 3 அடி தள்ளி ஒரு செடி வரிசை வையுங்கள்.

என்ன செடிகள் நடலாம்?

3 அடி வளையத்துக்குள் எதுவும் வேண்டாம். அதற்கு வெளியே முதல் வரிசைக்கு முழங்கால் உயரத்துக்குள் நிற்பவை: பட்டிப்பூ, பத்துமணிப்பூ. இரண்டும் வெயிலைத் தாங்கும். பட்டிப்பூவை ஆடு மாடு தொடாது, பிள்ளைகளும் வாயில் வைக்கக் கூடாது. அடுத்த வரிசைக்குக் குரோட்டன். செவ்வரத்தை வேண்டுமென்றால் 6 அடிக்கு அப்பால். உதிர்ந்த பூ தண்ணீரில் விழுந்தால் வடிகட்டியில் கூழாகும்.

மறைப்பு வேலிக்கு ஆடாதோடையை மிஞ்ச எதுவுமில்லை. கோடையைத் தாங்கும், ஆடு கடிக்காது, வெட்ட வெட்ட அடர்ந்து வரும், தடியை நட்டால் பிடிக்கும். ஒன்றரை அடிக்கு ஒன்று நடுங்கள். நொச்சியும் அப்படித்தான். வாய்க்கால் ஓரம் அரிக்காமலிருக்க வெட்டிவேரை 6 அங்குல இடைவெளியில் வரிசையாக நட்டுவிடுங்கள்.

வேண்டாதவை: அலரி, அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. போகன்வில்லா, முள். நெருஞ்சி தானாக முளைக்கும், அதன் முள் காலில் ஏறி வந்து தடாகத்தின் அடியைக் குத்தும், பூக்குமுன் பிடுங்குங்கள்.

மூடாக்குக்கு உமி போடாதீர்கள். கிளிநொச்சியில் ஆலைகளில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் சோளகம் ஒரு மாலையில் அத்தனையையும் தண்ணீருக்குள் சேர்த்துவிடும். பொச்சுமட்டையைக் கவிழ்த்து அடுக்கினால் நகராது.

ஏற்கெனவே நிற்கும் மரங்கள்?

தென்னைக்கும் பனைக்கும் 20 அடிக்குக் குறையாத தூரம்; மட்டை விழுந்தால் சட்டமே வளையும், காய் தலையில் விழுந்தால் சொல்ல வேண்டியதில்லை. முருங்கை பக்கத்திலிருந்தால் சிறு இலைகளோடு மயிர்க்கொட்டியும் வரும். வேம்பின் நிழல் அருமைதான். பங்குனி சித்திரையில் அதன் பூ, பிறகு பழம் என்று மாதக்கணக்கில் தண்ணீரில் விழும். காற்றுக்கு எதிர்ப்புறம் நின்றால் விட்டுவிடலாம். மரத்தைத் தறிக்க முடிவெடுத்தால், பெண் பனைக்கும் பலாவுக்கும் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும்.

சோளகக் காற்றுக்கு என்ன செய்வது?

வைகாசி முதல் புரட்டாதிவரை தென்மேற்கிலிருந்து புழுதியோடு அடிக்கும். மறைப்பு வேலியைத் தென்மேற்கில் 8 முதல் 10 அடி தள்ளி, 6 அடி உயரத்துக்கு வளருங்கள். மேற்பரப்புச் சருகை இழுக்கும் வாயை எதிர்ப்புறமான வடகிழக்கில் பொருத்துங்கள். காற்றே சருகை அங்கே கொண்டுவந்து தரும். வேலி காற்றை மட்டுப்படுத்தினால் ஆவியாவதும் குறையும். கோடையில் நாளொன்றுக்கு 5, 6 மில்லிமீற்றர் போவது இயல்பு. இந்தத் தடாகத்தில் அது 80 முதல் 100 லீற்றர். இதைவிட அதிகமாக இறங்கினால் கோரையைத் தேடுங்கள்.

பக்கத்தில் மரமேடை கட்டலாமா?

கட்டலாம், தடாகத்தில் சாய்க்காமல் தனியாக நிற்கும்படி. சட்டம் ஆட்களைத் தாங்காது. மேடைக்கும் விளிம்புக்கும் 2 அங்குல இடைவெளி, 4 அடிக்கு ஒரு கால், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை அடி ஆழக் கொங்கிரீட் குழி. முதிரையும் வைரமேறிய பனஞ்சிலாகையும் கறையானுக்கு இலகுவில் இடம்கொடா. மரக்காலை நேரே மண்ணில் புதைக்காமல் கொங்கிரீட்டுக்கு மேல் இரும்புத் தகட்டில் நிறுத்துங்கள். கிடுகுப் பந்தல் தண்ணீருக்கு நேர்மேலே வரக் கூடாது. கிடுகு உக்கி உதிரும். மேடைக்கு மட்டும் போடுங்கள்.

மோட்டரையும் வயரையும் எங்கே வைப்பது?

பல கையேடுகள் தடாகத்திலிருந்து 2 மீற்றராவது தள்ளச் சொல்கின்றன. மாரியில் தண்ணீர் நிற்கும் தரையென்பதால் 6 அங்குலம் உயர்த்திய கொங்கிரீட் மேடையில் வையுங்கள். வயரைக் குழாய்க்குள் இட்டு ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். மேலே ஒரு வரிக் கல் வைத்தால் பிறகு மண்வெட்டி போடுகிறவருக்கு அடையாளம். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். நீட்டு வயரைப் புல்லில் இழுத்துவிட்டுக் குளிப்பது உயிராபத்து. இடிமின்னல் நேரத்தில் தண்ணீரைவிட்டு வெளியேறுங்கள். விளக்குகளைத் தடாகத்துக்கு நேரே வைக்காதீர்கள். முதல் மழைக்குப் பின் ஈசல் முழுவதும் தண்ணீரில்தான் கிடக்கும்.

சிறு பிள்ளைகள், மாடு, பாம்பு?

4 அடி உயரமுள்ள, கால் வைத்து ஏற முடியாத வேலியும் தானாக மூடும் படலையும் வேண்டும். குளித்து முடிந்ததும் ஏணியை எடுத்து உள்ளே வையுங்கள். மோட்டர், பூச்சாடி, கதிரை எதுவும் சுவரோடு ஒட்டி இருக்கக் கூடாது. பிள்ளைக்கு அதுவே படிக்கட்டு. வேலி இருந்தாலும் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அதே வேலி கட்டாக்காலி மாடுகளையும் தடுக்கும். ஆவணியில் தாகத்தோடு வரும் மாடு விளிம்பில் கழுத்தை வைத்து அழுத்தினால் சட்டம் வளையும். யானை வரும் காட்டோர ஊர்களில் தடாகத்துக்குப் பக்கத்தில் வாழை நடாதீர்கள்.

பெரிய கற்களைக் குவித்து அழகு பார்ப்பதைத் தவிருங்கள். இடுக்கில் எலி சேரும், எலியைத் தேடிப் புடையன் பாம்பு வரும். சுற்றிவர 10 அடிக்குப் புல்லைக் கட்டையாக வெட்டி வையுங்கள். கடித்தால் கட்டிப்போடுவதும் கீறுவதும் வேண்டாம், அசையாமல் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அம்புலன்ஸ் இலக்கம் 1990.

நுளம்புக்குத் தடாகத்தைவிட அதன் மூடி மேல் தேங்கும் மழைத்தண்ணீரும் பூச்சாடித் தட்டுகளும்தான் பிடித்த இடம். வாரத்தில் ஒரு தடவையாவது கவிழ்த்துவிடுங்கள்.

மாரியில் தடாகத்தை வெறுமையாக்கி வைக்கலாமா?

வெறுமையான தடாகம் காற்றுக்கு மடியும். ஒன்று நிரப்பியபடி வையுங்கள், அல்லது புரட்டாதி முடியுமுன் கழற்றுங்கள். நிரப்பி வைத்தால், பெருமழை எச்சரிக்கை வந்ததும் தண்ணீரை 4 அங்குலம் இறக்கி, மோட்டரை நிறுத்துங்கள். 100 மில்லிமீற்றர் மழை மட்டத்தைச் சரியாக அவ்வளவு உயர்த்தும். விளிம்பால் வழிய விட்டால் அது சுவரோரம் விழுந்து கல்தூளை அரிக்கும். கழற்றுவதென்றால் நன்றாக உலர்த்தி, மடித்து, எலி ஏறாத உயரத்தில் தொங்கவிடுங்கள். வெறும் வட்டத்தைப் பொலித்தீனால் மூடிக் கல் வைத்தால் தரை அடுத்த மாசிக்கும் அப்படியே இருக்கும்.

இறைக்கும் தண்ணீரைச் செடிகளுக்கு விடலாமா?

குளோரின் போடுவதை நிறுத்தி, வெயில் படும்படி ஐந்து முதல் ஏழு நாள் விடுங்கள். சோதனைத் தாளில் குளோரின் பூச்சியம் என்று காட்டினால் தென்னைக்கும் வாழைக்கும் விடலாம். 17,500 லீற்றரையும் ஒரே இடத்தில் திறக்காமல் நான்கைந்து நாட்களாகப் பிரித்து, பாத்தி மாற்றி மாற்றி விடுங்கள். வன்னிக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினமானது. கோடை முழுவதும் ஆவியாகி எஞ்சியது இன்னும் கடினம். மிளகாய், கத்தரி நாற்றுகளுக்கு அதைக் காட்டாதீர்கள். உப்பு இயந்திரம் (உப்பிலிருந்து குளோரின் உண்டாக்குவது) பூட்டிய தடாகத் தண்ணீரை எந்தப் பயிருக்கும் விடக் கூடாது, வயல் வாய்க்காலிலும் சேர்க்கக் கூடாது.